ஆஸ்திரேலியப் புத்தகம், பத்திரிகை, அரசுப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியில் எனக்குத் தெரிந்த தமிழ் வாசகர்கள் நடுவில் இந்த ஊர்ப் புத்தகப் பேச்சு வந்தால் எப்படியோ என் தலையில்தான் வந்து விழுகிறது. சனிக்கிழமைப் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் புத்தகப் பக்கத்தை எடுக்கிற ஆள் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களே வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டேன். தொகை எல்லாம் ஆஸ்திரேலிய டாலர்.

இங்க புத்தக விமர்சனம் எந்தப் பேப்பர்ல வருது? எந்த நாள்ல வாங்கணும்?

சனிக்கிழமை. மற்ற நாள்களில் ஒரு பேட்டி, ஒரு பரிசுச் செய்தி வரலாம், ஆனால் விமர்சனம் என்றால் சனிக்கிழமை இணைப்புதான். சிட்னி மார்னிங் ஹெரால்டும் மெல்பர்னின் தி ஏஜும் ‘ஸ்பெக்ட்ரம்’ இணைப்பில் போடுகின்றன, தி ஆஸ்திரேலியன் ‘ரிவ்யூ’ இணைப்பில் போடுகிறது. முதல் இரண்டும் கிழடுகள் (1831, 1854). மூன்றாவது 1964-இல் ரூப்பர்ட் மர்டாக் ஆரம்பித்தது, நாடு முழுவதற்குமான பேப்பர். 2013-இல் கார்டியன் ஆஸ்திரேலியா வந்தது. அதற்கு அச்சுப் பதிப்பு கிடையாது, இணையத்தில் மட்டும்தான், ஆனால் புத்தகச் செய்திக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சிட்னி பேப்பர்லயும் மெல்பர்ன் பேப்பர்லயும் ஒரே விமர்சனம் வருதே, யாரைப் பார்த்து யார் காப்பி அடிக்கிறாங்க?

யாரும் யாரையும் பார்த்து அடிக்கவில்லை, இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். முன்பு ஃபேர்ஃபாக்ஸ் கம்பெனி, 2018 டிசம்பரில் இருந்து தொலைக்காட்சிக்காரர்களான நைன். ஒரு விமர்சகருக்கு ஒரு தடவை கூலி கொடுத்து இரண்டு ஊரிலும் போட்டுக்கொள்கிறார்கள்.

படிக்கிறவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை, எழுதியவருக்குத்தான் நஷ்டம். ஒரு காலத்தில் சிட்னியில் ஒருவர் கிழித்தால் மெல்பர்னில் இன்னொருவர் தூக்கிப் பிடிக்க வாய்ப்பு இருந்தது. இப்போது ஒரே ஆளின் கருத்து இரண்டு பெரிய நகரங்களிலும் தீர்ப்பாகிவிடுகிறது, இன்னொரு அபிப்பிராயம் வேண்டுமென்றால் மர்டாக் பேப்பரைத்தான் புரட்ட வேண்டும்.

எல்லாம் நாலு வரி அஞ்சு வரியா இருக்கு. நீளமா எழுதுறவங்களே இல்லையா?

இருக்கிறார்கள், நாளிதழில் இல்லை. ஆஸ்திரேலியன் புக் ரிவ்யூ என்று ஒரு மாத இதழ் இருக்கிறது, 1961-இல் தொடங்கி இடையில் நின்று 1978-இல் மறுபடி உயிர் வந்தது. சிட்னி ரிவ்யூ ஆஃப் புக்ஸ் 2013-இல் மேற்கு சிட்னி பல்கலைக்கழகத்தின் ஆதரவில் இணையத்தில் தொடங்கியது. ஒரு நாவலுக்கு நாலாயிரம் வார்த்தை எழுதவும் அங்கே இடம் உண்டு. இந்த மாதிரி இடங்கள் விளம்பரத்தால் ஓடுவதில்லை, நல்கையும் (கிராண்ட்) பல்கலைக்கழகமும் நன்கொடையும் சந்தாவும் சேர்ந்து இழுக்கின்றன.

நாளிதழ்களுக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. கார்டியன் ஆஸ்திரேலியாவில் ‘தி அன்மிஸபிள்ஸ்’ என்று உள்நாட்டுப் புத்தகங்களுக்கான ஒரு தொடர் வந்ததே, அதற்குப் பணம் கொடுத்தது காப்பிரைட் ஏஜென்சியின் கலாசார நிதி. பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் நகல் எடுப்பதற்குக் கட்டுகிற தொகையை எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் பிரித்துக்கொடுக்கிற அமைப்பு அது. ஆக, எழுத்தாளர் பணத்தின் ஒரு துளி சுற்றி வந்து எழுத்தாளரைப் பற்றிய கட்டுரைக்கே போகிறது. தப்பு என்று சொல்லவில்லை, கட்டுரை அடியில் யார் ஆதரவு என்று போட்டிருப்பார்கள், அதையும் படித்துவிடுங்கள் என்கிறேன்.

அந்தக் காலத்துல விமர்சனம் எல்லாம் ரொம்பத் தரமா இருந்துச்சாமே?

தரமா என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. காரம் நிச்சயம் இருந்தது. 1880-இல் தொடங்கிய தி புல்லட்டின் வார இதழில் 1896-இலிருந்து ஏ. ஜி. ஸ்டீஃபன்ஸ் நடத்திய ‘ரெட் பேஜ்’ ஒரு தலைமுறை எழுத்தாளர்களை ஆக்கவும் அடக்கவும் செய்தது, சிவப்பு அட்டையின் உள்பக்கத்தில் அச்சானதால் அந்தப் பெயர். அந்த இதழ் 2008 ஜனவரியில் மூடப்பட்டது.

காரத்துக்கு ஒரு சாம்பிள்: 1956-இல் பேட்ரிக் வைட்டின் தி ட்ரீ ஆஃப் மேன் நாவலைச் சிட்னி மார்னிங் ஹெரால்டில் விமர்சித்த கவிஞர் ஏ. டி. ஹோப், வைட்டின் நடையை ‘பகட்டான, படிப்பறிவற்ற சொற்சேறு’ என்று எழுதினார். வைட் அதை மறக்கவே இல்லை. 1973-இல் வைட்டுக்கு நோபல் கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்து அவர் ஒரு விருது நிதி ஏற்படுத்தினார், நிறைய எழுதியும் உரிய கவனம் கிடைக்காத மூத்த எழுத்தாளர்களுக்கு. முதல் விருது 1974-இல் கிறிஸ்டினா ஸ்டெட்டுக்குப் போனது.

விருது விருதுன்னு ஏகப்பட்ட பேர் வருது. எதைப் பெருசா எடுத்துக்கணும்?

பேப்பர்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வது மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது. அந்தப் பெயரில் எழுதிய பெண் நாவலாசிரியர் தன் உயிலில் எழுதி வைத்தது, 1957-இல் முதல் விருது வைட்டின் வாஸ் நாவலுக்கு, இப்போது 60,000 டாலர். ஆஸ்திரேலிய வாழ்க்கையை ஏதாவது ஒரு கோணத்தில் காட்டும் நாவலாக இருக்க வேண்டும் என்று உயிலில் ஒரு நிபந்தனை. அதை வைத்து 1994-இல் மூன்று நாவல்களைத் தகுதியில்லை என்று தள்ளிவிட்டார்கள், அதில் ஒன்று ஃபிராங்க் மூர்ஹவுஸுடையது, ஜெனீவாவில் நடக்கிற கதை. பேப்பர்களில் அன்றைக்கு நல்ல சண்டை.

ஸ்டெல்லா பரிசு பெண் எழுத்தாளர்களுக்கு, 2013-இல் தொடங்கியது, அது ஏன் வந்தது என்பதைத் தனியாகச் சொல்கிறேன். தொகையில் பெரியது விக்டோரிய இலக்கியப் பரிசு, 1,00,000 டாலர். 2019-இல் அதை வென்ற பெஹ்ரூஸ் பூச்சானி அப்போது ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவே அனுமதியில்லாமல் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவில் இருந்தார். புத்தகத்தைப் பாரசீகத்தில் வாட்ஸ்அப் செய்திகளாகத் தட்டி அனுப்பியிருந்தார், ஒமித் தோஃபிகியான் மொழிபெயர்த்தார். உள்ளே விடாத மனிதருக்கு மாநில அரசின் பரிசு. அந்த வாரம் உலகப் பேப்பர்களில் எல்லாம் அதுதான். பிரதமர் விருதும் உண்டு, அந்தக் கதை கீழே.

எங்கட பிள்ளை ஒண்டு அங்க பெரிய பரிசு எடுத்ததாம், ஆர் அது?

சங்கரி சந்திரன். ஈழத் தமிழ்க் குடும்பம், கான்பராவில் வளர்ந்தவர், தொழிலில் வழக்கறிஞர். 2023-இல் மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது அவருடைய சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ் நாவலுக்குக் கிடைத்தது. மேற்கு சிட்னியில் ஒரு முதியோர் இல்லம், நடத்துவது தமிழ் அகதிக் குடும்பம், அதைச் சுற்றிப் போகிற கதை. அட்டையையும் தலைப்பையும் பார்த்து டீக்கடைக் கதை என்று நினைத்து எடுத்தவர்கள் உள்ளே போரையும் இனவெறியையும் பார்த்துத் திடுக்கிட்டதாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பேப்பரில் இதைவிடச் சுவாரஸ்யமாக வந்தது அவருடைய முதல் நாவலின் கதை. சாங் ஆஃப் தி சன் காட் நாவலை ஆஸ்திரேலியப் பதிப்பாளர்கள் எடுக்கவில்லை, இங்கத்திய சந்தைக்குப் போதுமான அளவு ஆஸ்திரேலியத்தனம் இல்லை என்பது அவருக்குக் கிடைத்த பதில். கடைசியில் 2017-இல் இலங்கையில் வெளியானது. அல்டிமோ பிரஸ் அதை இங்கே கொண்டுவந்தது 2022-இல், சாய் டைம் வந்த அதே ஆண்டில். கொழும்பில் பிறந்து 1972-இல் இங்கே வந்த மிஷெல் டி கிரெட்ஸர் அவருக்கு முன்பே இதே விருதை இரண்டு தடவை, 2013-இலும் 2018-இலும் வாங்கிவிட்டார். தமிழர் இல்லை, ஆனால் இலங்கைக்காரர்.

இவ்வளவு பரிசு கொடுக்கிறாங்க, எழுத்தாளர்கள் எல்லாம் பணக்காரங்கதானே?

மெக்குவாரி பல்கலைக்கழகம் 2022-இல் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு எழுத்தாளருக்கு எழுத்தால் கிடைக்கிற ஆண்டுச் சராசரி 18,200 டாலர். 2015-இல் இது 12,900. சிட்னியில் இரண்டு அறை வீட்டுக்கு ஒரு வருட வாடகை கூட இதில் தேறாது. சராசரி என்பதால் விற்பனையில் கொழிக்கிற நாலைந்து பேரும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் ஃபிளானகன் 2014-இல் புக்கர் பரிசு வாங்கியபோது, அதற்கு முன் பணமுடையில் வடக்கே சுரங்க வேலைக்குப் போகலாமா என்று யோசித்ததைப் பத்திரிகைக்காரர்களிடமே சொன்னார். அவர் அப்போதே நாடறிந்த எழுத்தாளர்.

லைப்ரரில ஒருத்தர் புத்தகம் எடுத்தா எழுதினவருக்குக் காசு போகுமா?

போகும், ஆனால் ‘எடுத்தால்’ இல்லை, ‘இருந்தால்’. எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணுவதில்லை. நாட்டின் பொது நூலகங்களில் எத்தனை பிரதி இருக்கிறது என்று மாதிரி நூலகங்களை வைத்து ஒரு மதிப்பீடு போடுகிறார்கள், ஐம்பது பிரதியாவது தேறினால் பிரதிக்கு இரண்டு டாலருக்குச் சற்று மேல் என்ற அளவில் வருடா வருடம் எழுத்தாளருக்கு வரும். பதிப்பாளருக்கும் சிறு பங்கு உண்டு. பொது நூலக உரிமைத் தொகை என்ற இந்த ஏற்பாடு 1970-களின் நடுவில், பிரதமர் விட்லம் ஆட்சிக் காலத்தில் வந்தது. பள்ளி, பல்கலைக்கழக நூலகங்களுக்கான இணைத்திட்டம் 2000-இல் சேர்ந்தது, மின்னூலும் ஒலிநூலும் 2023-இல்.

மேலே சொன்ன சராசரி வருமானக்காரருக்கு இதுதான் நிம்மதி. பழைய புத்தகம் கடையில் இல்லாமல் போன பிறகும் நூலகத்தில் இருக்கும் வரை பணம் வருகிறது. இவ்வளவு முக்கியமான சமாசாரம் பேப்பரில் செய்தியாக வருவது அபூர்வம், சண்டை இல்லை பாருங்கள்.

ஆஸ்திரேலியா கவுன்சில், கிரியேட்டிவ் ஆஸ்திரேலியா, ரைட்டிங் ஆஸ்திரேலியா... இதெல்லாம் ஒண்ணா வேற வேறயா?

வரிசையாகச் சொல்கிறேன். 1908-இல் காமன்வெல்த் இலக்கிய நிதி என்று ஒன்று தொடங்கினார்கள், வறுமையில் கிடந்த எழுத்தாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஓய்வூதியம் மாதிரி. 1973-இல் அதன் வேலை ஆஸ்திரேலியா கவுன்சிலின் இலக்கியக் குழுவுக்குப் போனது. 2023 ஜனவரியில் ஆல்பனீஸ் அரசு ‘ரிவைவ்’ என்ற கலாசாரக் கொள்கையை வெளியிட்டது, அதன்படி அதே ஆண்டு ஆஸ்திரேலியா கவுன்சில் கிரியேட்டிவ் ஆஸ்திரேலியா ஆனது. அதற்குள்ளே இலக்கியத்துக்கென்று 2025 ஜூலையில் வந்த பிரிவுதான் ரைட்டிங் ஆஸ்திரேலியா. ஆக வீடு ஒன்று, இலக்கியத்துக்கு இப்போது தனி அறை.

அரசாங்கக் காசை வாங்கிட்டு அரசாங்கத்தையே திட்டி எழுத முடியுமா?

முடியும், எழுதுகிறார்கள். யாருக்கு நல்கை என்பதை அமைச்சர் தீர்மானிக்கக் கூடாது, அதே துறை ஆட்கள் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படித்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் ஏற்பாடு. தனி நபர் விஷயத்தில் அது பெரும்பாலும் நடக்கிறது.

ஆனால் மொத்தப் பையில் அமைச்சர் கை வைக்கலாம். 2015 மே பட்ஜெட்டில் கலை அமைச்சர் ஜார்ஜ் பிராண்டிஸ், ஆஸ்திரேலியா கவுன்சிலிடமிருந்து நாலு வருடக் கணக்கில் 104.7 மில்லியன் டாலரை எடுத்துத் தன் அமைச்சகத்தின் கீழேயே ஒரு நிதியாக வைத்துக்கொண்டார். அடுத்து வந்த அமைச்சர் பெயரை மாற்றினார், 2017-இல் மிச்சப் பணத்தில் பெரும்பகுதி திரும்பிப் போனது. நடுவில் 2016 மே மாதம் கவுன்சிலின் பல வருட நல்கை கிடைக்காமல் போன இதழ்களில் மீன்ஜினும் ஒன்று. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதமர் நினைச்சா ஜெயிச்சவரையே மாத்தலாமாமே, நெசமா?

பிரதமர் இலக்கிய விருது 2008-இல் கெவின் ரட் தொடங்கியது. நடுவர்கள் சிபாரிசுதான் செய்வார்கள், கடைசி முடிவு பிரதமருடையது என்று விதியிலேயே இருந்தது. 2014 டிசம்பரில் புனைவுப் பரிசு ஃபிளானகனுக்கும் ஸ்டீவன் கேரலுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. நடுவர்கள் தேர்ந்தெடுத்தது கேரலை மட்டும்தான், ஃபிளானகனைச் சேர்த்தது அப்போதைய பிரதமர் டோனி அபாட் என்று நடுவர்களில் ஒருவரான கவிஞர் லெஸ் மர்ரே வெளியே போட்டு உடைத்தார். ஃபிளானகன் தன் பங்கான 40,000 டாலரைப் பழங்குடிக் குழந்தைகளின் எழுத்தறிவு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

அதே மேடையில் அபாட் இன்னொன்றும் செய்தார். புத்தகத்துக்கென்று ஒரு தனிக் கவுன்சில், மூன்று வருடத்துக்கு 6 மில்லியன் என்று அறிவித்தார், கைதட்டலும் கிடைத்தது. அப்புறம்தான் அந்த 6 மில்லியன் ஆஸ்திரேலியா கவுன்சிலிடமிருந்து எடுப்பது என்று தெரிந்தது. ஒரே வருடத்தில், 2015 டிசம்பரில், அந்தப் புத்தகக் கவுன்சிலையே கைவிட்டார்கள். இந்த மாதிரி அறிவிப்பைப் படிக்கும்போது ‘புதுப் பணமா, இடம் மாறின பணமா’ என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பதில் பெரும்பாலும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும்.

மாநில அரசு விருதையே நிறுத்திடலாமா?

2012-இல் குயின்ஸ்லாந்தில் கேம்பல் நியூமன் தேர்தலில் ஜெயித்துப் பதவிக்கு வந்த கையோடு முதல்வர் இலக்கிய விருதுகளை நிறுத்தினார். மிச்சமானது ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர், மாநில பட்ஜெட்டில் அது சில்லறை. எழுத்தாளர்களும் வாசகர்களும் சேர்ந்து அதே வருடம் குயின்ஸ்லாந்து இலக்கிய விருதுகள் என்று தாங்களே நடத்திக் காட்டினார்கள், பிற்பாடு அரசும் உள்ளே வந்தது.

அதே மாநிலத்தில் 2025 மே மாதம் இன்னொரு விவகாரம். மாநில நூலகம் ஒரு பழங்குடி எழுத்தாளருக்குக் கொடுக்கவிருந்த 15,000 டாலர் நல்கை, மத்தியக் கிழக்கு குறித்த அவருடைய பழைய சமூக ஊடகப் பதிவு ஒன்றைக் காட்டி, அமைச்சர் தலையிட்டதும் கடைசி நேரத்தில் ரத்தானது. அதைக் கண்டித்து விருது நடுவர்கள் சிலர் விலகினார்கள். அமைச்சர் தீர்மானிக்கக் கூடாது என்று மேலே சொன்னேனே, அதற்கு ‘பெரும்பாலும்’ என்று ஏன் போட்டேன் என்பது இதனால்தான்.

பொம்பளைங்க எழுதினதை பேப்பர்ல ஒதுக்குறாங்கன்னு சொல்றது உண்மையா?

எண்ணிப் பார்த்தார்கள், உண்மை என்று தெரிந்தது. 2009-இலும் 2011-இலும் மைல்ஸ் ஃபிராங்க்ளின் இறுதிப் பட்டியலில் ஒரு பெண் கூட இல்லை, அதுவும் ஆண் பெயரில் ஒளிந்து எழுத வேண்டியிருந்த ஒரு பெண் வைத்த விருதில். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஸ்டெல்லா பரிசு, அந்த அம்மாவின் சொந்த முதல் பெயர் ஸ்டெல்லா. அந்த அமைப்பு பரிசோடு நிற்காமல் ‘ஸ்டெல்லா கவுன்ட்’ என்று பத்திரிகை பத்திரிகையாக எண்ண ஆரம்பித்தது: எத்தனை விமர்சனம் பெண் எழுதிய புத்தகத்துக்கு, நீளம் எவ்வளவு, விமர்சித்தவர் யார். எழுதுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம், இடமோ ஆண்களுக்குத்தான் அதிகம் என்று முதல் சில வருட எண்கள் காட்டின. ஆசிரியர்களால் மறுக்க முடியவில்லை, அடுத்த வருடங்களில் எண்கள் மாறின. 2024-இல் அலெக்சிஸ் ரைட் பிரெய்ஸ்வர்த்தி நாவலுக்கு இரண்டு பரிசையும் சேர்த்தே வாங்கினார், எழுநூறு பக்கத்துக்கு மேல் போகிற நாவல், சின்னப் பதிப்பகம்.

எழுத்தாளரே போலின்னு பேப்பர்ல கிழிச்ச கதை ஒண்ணு சொல்வீங்களே, அது எது?

ஒன்றா? இந்த ஊருக்கு இது ஒரு தனிப் பாரம்பரியம். 1943-இல் ஜேம்ஸ் மெக்காலி, ஹெரால்ட் ஸ்டூவர்ட் என்று இரண்டு கவிஞர்கள், புதுக்கவிதையை நக்கல் செய்வதற்காக ஒரே பிற்பகலில் கண்டதையும் கோத்துக் கவிதைகள் எழுதி, இறந்துபோன எர்ன் மேலி என்பவருடையது, சகோதரி கண்டெடுத்து அனுப்புகிறாள் என்று ஆங்ரி பெங்குவின்ஸ் இதழுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் மேக்ஸ் ஹாரிஸுக்கு வயது இருபத்துச் சொச்சம், மேதை கிடைத்துவிட்டான் என்று 1944-இல் சிறப்பிதழே போட்டார். சிட்னியின் ஒரு ஞாயிறு பேப்பர் குட்டை உடைத்தது. அதோடு விடவில்லை, அடிலெய்டில் போலீஸ் ஆபாசக் கவிதை என்று ஹாரிஸ் மேல் வழக்குப் போட்டது. கவிதையில் முறைகெட்ட உறவைக் குறிக்கும் ஒரு சொல்லைக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஏதோ ஆபாசம் இருக்கிற மாதிரி தோன்றுகிறது என்று துப்பறியும் அதிகாரி கூண்டில் நின்று சாட்சி சொன்னார். ஹாரிஸுக்கு 5 பவுண்டு அபராதம். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கவிதைகளை இன்றும் ஆட்கள் ரசித்துப் படிக்கிறார்கள்.

1995-இல் உக்ரைன் வம்சாவளி என்று சொல்லிக்கொண்டு, அந்த ஊர் உடுப்பிலேயே மேடையேறி, மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருதையும் வாங்கிய ஹெலன் டெமிடென்கோ, இங்கிலாந்திலிருந்து வந்த பெற்றோரின் மகள் ஹெலன் டார்வில் என்று பிரிஸ்பேனின் கூரியர் மெயில் அம்பலப்படுத்தியது. 2004-இல் நோர்மா கோரி. ஜோர்டானில் தன் தோழியைக் குடும்பமே ஆணவக்கொலை செய்தது, நான் தப்பி வந்தேன் என்று எழுதிய புத்தகம் இங்கே லட்சக்கணக்கில் விற்றது, ஆனால் ஆசிரியர் மூன்று வயதிலிருந்து சிகாகோவில் வளர்ந்தவர் என்று சிட்னி மார்னிங் ஹெரால்டில் மால்கம் நாக்ஸ் ஆதாரத்தோடு எழுதினார். 2022-இல் ஜான் ஹியூஸின் தி டாக்ஸ் நாவலில் ஸ்வெட்லானா அலெக்சியேவிச்சின் வரிகள் அப்படியே இருப்பதைக் கார்டியன் பக்கத்துக்குப் பக்கம் வைத்துக் காட்டியது, மைல்ஸ் ஃபிராங்க்ளின் நெடும்பட்டியலிலிருந்து நாவல் இறங்கியது.

நாலு வாக்கியத்தில் புத்தகத்தை முடிக்கிற அதே பேப்பர்கள், இந்த வேலைக்கு மட்டும் வாரக்கணக்கில் ஆள் போட்டுப் பள்ளிப் பதிவேடு வரை தேடுகின்றன. கோரி விஷயத்தில் அது தேவையான வேலை, சந்தேகமில்லை. ஆனால் புத்தகத்துக்கு ஒதுக்குகிற கவனத்தில் இந்த விகிதத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

நோபல் வாங்கினவர் நாவலையே பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிட்டாங்களாமே?

2006-இல் தி ஆஸ்திரேலியன் செய்த குறும்பு. வைட்டின் தி ஐ ஆஃப் தி ஸ்டார்ம் நாவலின் ஒரு அத்தியாயத்தை எடுத்து, அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘ரெய்த் பிக்கெட்’ என்ற புனைபெயரில் பன்னிரண்டு பதிப்பாளர்களுக்கும் முகவர்களுக்கும் அனுப்பினார்கள். பத்துப் பேர் வேண்டாம் என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. நல்ல இலக்கியத்துக்கு இங்கே மதிப்பில்லை என்று தலைப்பு.

எனக்கு இதில் பெரிய உடன்பாடு இல்லை. நாவலிலிருந்து தூக்கிய மூன்றாவது அத்தியாயம், முன்னும் பின்னும் இல்லாமல், 1973-இன் நடையில், புது ஆள் பெயரில் வந்தால் யாராக இருந்தாலும் தயங்குவார்கள். அதே வருடம் லண்டன் சண்டே டைம்ஸ், நோபல் வாங்கிய நாவலாசிரியர் வி. எஸ். நைபாலை வைத்து இதையே செய்திருந்தது, அதைப் பார்த்துச் செய்தது. தலைப்புக்கு லாபம், அவ்வளவுதான்.

பேப்பரே பரிசு கொடுத்தா அதே பேப்பர் எப்படி நடுநிலையா விமர்சனம் போடும்?

நல்ல கேள்வி. தி ஆஸ்திரேலியனும் வோகல் ரொட்டிக் கம்பெனியும் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகமும் சேர்ந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு பரிசு நடத்தின, முப்பத்தைந்து வயதுக்குட்பட்டவரின் அச்சாகாத கையெழுத்துப் பிரதிக்கு. டிம் விண்டன், கேட் கிரென்வில் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள். மேலே வந்த டெமிடென்கோவும்தான். ஒருவர் பேப்பர், ஒருவர் ரொட்டி, ஒருவர் பதிப்பு என்று மூன்று தனி ஆட்கள் இருந்தார்கள். அது முடிந்து, இப்போது தி ஆஸ்திரேலியன் ஹார்ப்பர்காலின்ஸோடு சேர்ந்து வேறொரு நாவல் பரிசு நடத்துகிறது. இரண்டுமே மர்டாக்கின் நியூஸ் கார்ப்புக்குச் சொந்தம். பரிசு கொடுப்பதும் பதிப்பதும் செய்தி போடுவதும் ஒரே குடும்பம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் போதும், நாவல் நன்றாகவே இருக்கலாம்.

பரிசுப் பணத்துக்கு வரி உண்டா?

பிரதமர் விருதுக்கு இல்லை, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. எழுத்தைத் தொழிலாக வைத்திருப்பவருக்கு மற்றப் பரிசுகளும் நல்கையும் பொதுவாக வருமானக் கணக்கில் சேரும். ஒரு வருடம் மொத்தமாக வந்து மறுவருடம் ஒன்றுமில்லாமல் போவதால், வருமானத்தைச் சில வருடங்களுக்குச் சராசரியாக்கி வரி போடுகிற சலுகை எழுத்தாளர்களுக்கு உண்டு. உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை.

இங்க புத்தகம் ஏன் இவ்வளவு விலை? வெளிநாட்டுப் பதிப்பைக் கடைக்காரர் இறக்கிட்டா என்ன?

புது நாவல் ஒன்று 33, 35 டாலர். அதற்குள் 10 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம், 2000-இலிருந்து. கடைக்காரர் இறக்குமதிக்கு 1991-இன் சட்டம் குறுக்கே நிற்கிறது: வெளிநாட்டில் வெளியாகி 30 நாளுக்குள் உள்ளூர்ப் பதிப்பாளர் வெளியிட்டுவிட்டால், அதே புத்தகத்தை வெளியிலிருந்து மொத்தமாக இறக்கி விற்கக் கூடாது. நீங்கள் உங்களுக்கென்று ஒன்று வரவழைக்கலாம், தடையில்லை.

இதை நீக்கச் சொல்லி அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2009-இலும் 2016-இலும் சொன்னது. கோல்ஸ், உல்வொர்த்ஸ் சூப்பர்மார்க்கெட்டுகளும் டிமாக்ஸ் புத்தகக் கடையும் ஒரு பக்கம், விண்டன், ஃபிளானகன் உட்பட எழுத்தாளர்கள் மறுபக்கம், பேப்பர்களில் மாதக்கணக்கில் கடிதப் போர். சட்டம் அப்படியே இருக்கிறது. நான் எழுத்தாளர் பக்கம், ஏனென்றால் உள்ளூர்ப் பதிப்பகம் வெளிநாட்டு நாவலில் சம்பாதிக்கிற பணத்தில்தான் உள்ளூர் முதல் நாவலுக்குச் சூதாடுகிறது. ஆனால் நாலு பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகம் வாங்குகிறவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

வெளிநாட்டுல பாராட்டினாத்தான் இங்க கண்டுக்குவாங்களா?

ஓரளவுக்கு. ஜெரால்ட் மர்னேன் விக்டோரியாவில் கோரோக் என்ற சின்ன ஊரில் இருக்கிறார், கோல்ஃப் கிளப்பில் மதுபானம் ஊற்றிக் கொடுக்கிற வேலையும் பார்த்தவர், நாட்டைவிட்டு வெளியே போனதில்லை. ஐம்பது வருடத்துக்கும் மேலாக எழுதுகிறார். 2018-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் அடுத்த நோபல் இவருக்கா என்று கேட்டு நீளமாக எழுதிய பிறகு, இங்கத்திய பேப்பர்களில் அவரைப் பற்றிய கட்டுரைகள் கூடிவிட்டன. அதற்கு முன்பும் அவரைப் படித்தவர்கள் இருந்தார்கள், முதல் பக்கத்தில் இல்லை.

மீன்ஜின் மூடினதுக்கு ஏன் அவ்வளவு ஆர்ப்பாட்டம்? யார் படிச்சாங்க அதை?

1940-இல் பிரிஸ்பேனில் கிளெம் கிறிஸ்டசன் தொடங்கி 1945-இல் மெல்பர்ன் போன இதழ். 2025 செப்டம்பரில் மெல்பர்ன் பல்கலைக்கழகப் பதிப்பகம், கட்டுப்படியாகவில்லை என்று மூடுவதாக அறிவித்தது. படித்தவர்கள் குறைவுதான், ஆனால் நாளிதழில் இன்று பெயர் அடிபடுகிற பல பேரின் முதல் சிறுகதையோ கட்டுரையோ அந்த மாதிரி இதழில்தான் வந்திருக்கும். பேப்பரின் இலக்கிய ஆசிரியர்களும் புது ஆளை அங்கேதான் தேடுவார்கள். 2016-இல் நல்கை போன கதையை மேலே சொன்னேன், பல்கலைக்கழகமும் கையை எடுத்தால் இந்த மாதிரி இதழ் நிற்க வேறு தூண் இல்லை.

நான் ஒரு நாவல் எழுதியிருக்கேன். பேப்பர்ல விமர்சனம் வர என்ன செய்யணும்?

ஆங்கிலத்தில், இங்கத்திய பதிப்பகம் மூலம் என்றால், வெளியீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முன்பிரதி இலக்கிய ஆசிரியர் கைக்குப் போயிருக்க வேண்டும், அதைப் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவு செய்யும், செய்ததா என்று நச்சரியுங்கள். வெளியீட்டு விழா முடிந்த பிறகு அனுப்பினால் பழைய புத்தகம் ஆகிவிடும். சொந்தமாக அச்சடித்ததைப் பெரிய பேப்பர்கள் அநேகமாகத் தொடுவதில்லை. தமிழில் எழுதியது என்றால் இவர்களிடம் படிக்க ஆளே இல்லை, எஸ்பிஎஸ் தமிழ் வானொலியை முயன்று பாருங்கள்.

எந்த மொழியில் எழுதினாலும் தேசிய நூலகத்துக்கும் உங்கள் மாநில நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும், சட்டம். அப்புறம் நூலக உரிமைத் தொகைக்குப் பதிவு செய்துவிடுங்கள், புத்தகம் வந்து ஐந்து வருடத்துக்குள் செய்யாவிட்டால் கிடைக்காது. ஐம்பது பிரதி நூலகங்களில் தேற வேண்டும் என்று சொன்னேனே, உங்கள் வட்டார நூலகத்தில் ‘இந்தப் புத்தகத்தை வாங்குங்கள்’ என்ற படிவம் இருக்கும், நண்பர்களை ஆளுக்கு ஒன்று போடச் சொல்லுங்கள்.